கான்கிரீட்டுக்கு அடியில் புதைந்த கார் லிஃப்ட்: ரேடார் வழித் தேடல், ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் பழைய கார் ஒர்க்‌ஷாப் கட்டடம் கைமாறும்போது சுற்றுச்சூழல் ஆய்வுக்கு வருபவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: தரைக்குக் கீழே லிஃப்ட் கிடக்கிறதா? கடையை மூடியவர் காரைத் தாங்கும் கைகளை மட்டும் அறுத்தெடுத்திருப்பார். பிளஞ்சரை, அதாவது காரைத் தூக்கும் உருளைத் தூணை, கீழே இறக்கி, வாயை இரும்புத் தகட்டால் மூடி, மேலே கான்கிரீட் போட்டுவிட்டுப் போயிருப்பார். அடுத்து வந்தவர் அதன்மேல் டைல் ஒட்டியிருப்பார். சிலிண்டரும் அதிலிருந்த ஆயிலும் அப்படியே இருக்கும்.

ஊருக்கு வெளியே வாட்டர் சர்வீஸ் கடைகளில் ஒற்றைத் தூணில் காரை மேலே ஏற்றிக் கழுவுகிறார்களே, அதே இயந்திரம்தான். 1925-இல் டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் பீட்டர் லுனாட்டி உருவாக்கியது. அதன்பின் பல பத்தாண்டுகள் அமெரிக்க ஒர்க்‌ஷாப்களிலும் பெட்ரோல் நிலையங்களிலும் தரையைத் தோண்டிப் பதிப்பதே வழக்கமாக இருந்தது. தரைக்கு மேல் நிற்கும் இரட்டைத் தூண் லிஃப்ட்கள் பரவிய பிறகுதான் பழையவை கைவிடப்பட்டன.

இவை ஆவணத்தில் சிக்காததற்குச் சட்டமே ஒரு காரணம். நிலத்தடி எரிபொருள் தொட்டிகளைப் பதிவு செய்யச் சொல்லும் அமெரிக்கக் கூட்டாட்சி விதிகள், ஹைட்ராலிக் லிஃப்ட் தொட்டிகளை "இயக்கத்துக்காக ஆயில் வைத்திருக்கும் இயந்திரம்" என்று வகைப்படுத்தி விலக்கிவிட்டன. பெட்ரோல் தொட்டிக்குப் பதிவேடு கிடைக்கும். பழைய சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடத்தில் வட்டம் போட்டுக்கூடக் காட்டியிருப்பார்கள். லிஃப்டுக்குப் பெரும்பாலும் எந்தத் தாளும் இருக்காது. தரையைத்தான் கேட்க வேண்டும். அதற்குத்தான் ரேடார்: ஆன்டெனா வழியாகத் தரைக்குள் ரேடியோ அலையை அனுப்பி, திரும்பும் எதிரொலியைப் படமாக்கும் கருவி.

இங்கே விவரிக்கும் தரை ஒரு குறிப்பிட்ட முகவரியில் உள்ளதல்ல. இவ்வகைக் கட்டடங்களில் திரும்பத் திரும்ப வரும் அமைப்பை ஒரே மாதிரித் தளமாகச் சேர்த்திருக்கிறோம். கணக்குகளை வாசகர் தாமே போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். தளம் 12 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். பக்கத்துக்குப் பக்கம் மூன்று கார் நிற்கும் இடங்கள். தரை 125 மி.மீ. கான்கிரீட், நடுவில் 150 மி.மீ. கட்டம் கொண்ட வெல்டு மெஷ் (இரும்புக் கம்பி வலை). கீழே ஜல்லிப் படுக்கை, அதற்கும் கீழே வண்டல் கலந்த மண். முதல் இரண்டு இடங்களின் மேல் 50 மி.மீ. புதுப் பூச்சுக் கான்கிரீட்.

எதைத் தேடுகிறோம்

ரேடாரை எடுப்பதற்கு முன் லிஃப்டின் உடலமைப்பு மனதில் நிற்க வேண்டும். பழைய லிஃப்ட்களில் பெரும்பாலானவை ஒர்க்‌ஷாப் கம்ப்ரசரின் காற்றால் ஆயிலை அழுத்தி ஏறுபவை. 3,600 கிலோ காரை 270 மி.மீ. விட்டமுள்ள பிளஞ்சர் தூக்குகிறது என்றால், அதன் பரப்பு சுமார் 573 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 6.3 கிலோ அழுத்தமும், பிளஞ்சரின் சொந்த எடையைத் தூக்கக் கொஞ்சம் கூடுதலும் போதும். சாதாரண கம்ப்ரசர் இதைக் கொடுத்துவிடும். 10 செ.மீ. பிளஞ்சராக இருந்தால் 46 கிலோ வேண்டும், அதற்கு ஆயில் பம்பு தேவை. பழைய லிஃப்ட்கள் அவ்வளவு பருமனாக இருப்பதன் காரணம் இதுதான். பருமன் நமக்கு வசதி. வெளிக்கூடு சுமார் 30 செ.மீ. விட்டம், செங்குத்தாக 2 முதல் 2.7 மீட்டர் வரை இறங்கும். பிளஞ்சர் 1.6 மீட்டர் ஏறினால் அது இடம் மாற்றும் ஆயில் மட்டுமே 92 லிட்டர் வரும்.

சிலிண்டரோடு முடியவில்லை. தனி ஆயில் தொட்டி உள்ள வகையில், அது சுவரோரம் தரைக்குக் கீழே படுத்திருக்கும். அதிலிருந்து சிலிண்டருக்கு ஆயில் குழாய், கம்ப்ரசர் பக்கமிருந்து காற்றுக் குழாய், நடுவில் கைவால்வு. இரட்டைப் பிளஞ்சர் லிஃப்டில் பின் தூண் நிலையாக நிற்கும். முன் தூண் காரின் நீளத்துக்கேற்ப முன்பின் நகரும்படி நீளமான இரும்புப் பெட்டிக் குழிக்குள் இருக்கும்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சிலிண்டரையே தேடுவார்கள். ரேடாருக்குச் சிலிண்டர் மோசமான இலக்கு. நட்டுவைத்த குழாயை மேலிருந்து பார்த்தால் தெரிவது அதன் வாய் மட்டுமே. முப்பது செ.மீ. வட்டம். கோடுகளுக்கு இடையே 1 மீட்டர் விட்டு ஸ்கேன் செய்தால் அது நழுவிப் போகும். ஆனால் அதைப் பதிக்கத் தரையில் 1.2 மீட்டர் சதுரத்துக்காவது கான்கிரீட்டை வெட்டியிருப்பார்கள். கட்டும்போதே பதித்திருந்தால் அந்த அளவுக்கு மெஷ் விடுபட்டிருக்கும். சுற்றிலும் தோண்டி நிரப்பிய மண் அசல் மண்ணைப்போல் இருக்காது. குழாய்கள் மீட்டர் கணக்கில் நீளும். ஆகவே தேட வேண்டியது வெட்டிய இடத்தையும் குழாயையும்தான். அவை இரண்டும் சந்திக்கும் புள்ளியில் சிலிண்டர் தானாக வந்து நிற்கும்.

முதலில் கண்

தரையைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, காய்வதைப் பார்ப்பது செலவில்லாத சோதனை. பழைய கான்கிரீட்டும் புதிய ஒட்டும் ஒரே வேகத்தில் காய்வதில்லை. ஈரம் வற்றும் சில நிமிடங்களுக்குச் சதுர ஒட்டுகளின் எல்லை தெரியும். சாய்வாக ஒரு டார்ச்சை அடித்தால் மேடுபள்ளமும் மயிரிழை விரிசலும் தெரியும். நாலு மூலையிலிருந்தும் விரிசல் கிளம்பினால் அடியில் சதுரமாக ஏதோ இருக்கிறது என்று பொருள்.

சுவரில் அறுத்து விட்ட குழாய் முனை, கம்ப்ரசர் நின்ற இடத்தின் போல்ட் துளைகள், கைவால்வு மாட்டிய தடம், கூரையில் வண்டி உயர இடம்விட்டு விளக்கை ஒதுக்கியிருக்கும் விதம் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். பழைய வினைல் டைல் இருந்தால் சுரண்டக்கூடாது. அதிலோ பசையிலோ ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ரேடாருக்கு டைல் தடையே இல்லை.

எந்த ஆன்டெனா

ஒரே ஆன்டெனாவில் இந்த வேலை முடியாது. காரணம் அலைநீளம். கான்கிரீட்டின் மின்காப்பு மாறிலி, அதாவது அது அலையை எவ்வளவு மெதுவாக்கும் என்பதைக் காட்டும் எண், சுமார் 8. ஒளியின் வேகத்தை அதன் வர்க்கமூலத்தால் வகுத்தால், அலை ஒரு நானோ செகண்டுக்கு (செகண்டில் நூறு கோடியில் ஒரு பங்கு) ஏறத்தாழ 10.6 செ.மீ. ஓடுகிறது. 1,600 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவுக்கு அலைநீளம் 6.6 செ.மீ. அது மெஷ்ஷின் 15 செ.மீ. கட்டத்துக்குள் நுழைந்துவிடும், ஆனால் அரை மீட்டருக்குள் களைத்துப்போகும். 400 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 26 செ.மீ. மெஷ் அதன் சக்தியில் கணிசமான பங்கைத் திருப்பிவிடும். மிஞ்சியது நல்ல மண்ணில் 2 மீட்டருக்கு மேலும், களிமண்ணில் 1 மீட்டருக்குக் குறைவாகவும் இறங்கும்.

வெட்டு, மெஷ், பூச்சு, தகடு ஆகியவற்றைக் காண 1,600. குழாய், தொட்டி, நிரப்பிய குழி ஆகியவற்றைக் காண 400. இரண்டின் பணிகளையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. 400 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவில் முதல் 2.5 நானோ செகண்ட், அனுப்பும் முனையிலிருந்து வாங்கும் முனைக்கு நேரே பாயும் அலையால் மூடப்பட்டுவிடும். கான்கிரீட்டில் அது முதல் 13 செ.மீ. அந்த ஆழத்தில் இருக்கும் மூடித் தகடு அதில் தனியாகத் தெரியாது.

வேகத்தை அளக்காமல் ஆழம் சொல்லாதீர்கள்

ரேடாரோடு ஓடித் தூரம் அளவிடும் சக்கரத்தை முதலில் 10 மீட்டர் நாடாவோடு ஓட்டிச் சரிசெய்ய வேண்டும். அடுத்தது வேகம். தரை வடிகாலின் விளிம்பிலோ பழைய துளை ஒன்றிலோ கான்கிரீட்டின் உண்மையான கனத்தை அளந்து, அதே இடத்தில் அடிப்பகுதியின் எதிரொலி எத்தனை நானோ செகண்டில் வருகிறது என்று பார்க்க வேண்டும். 125 மி.மீ. தரைக்கு எதிரொலி 2.4 நானோ செகண்டில் வந்தால், போய்வந்த தூரம் 250 மி.மீ., வேகம் 10.4 செ.மீ. மாறிலி 8.3. கருவியில் வழக்கமாக வைத்திருக்கும் 6-ஐ அப்படியே விட்டிருந்தால் அதே தரை 147 மி.மீ. என்று காட்டும். துளையிடும்போது இந்த 22 மி.மீ. சின்ன விஷயமல்ல.

இன்னும் பெரிய பிழை கான்கிரீட்டைத் தாண்டிய பிறகு வருகிறது. 45 செ.மீ. ஆழத்தில் ஒரு குழாய். மேலே 12.5 செ.மீ. கான்கிரீட், மீதி 32.5 செ.மீ. ஜல்லியும் மண்ணும். மண்ணில் வேகம் 9 செ.மீ. என்றால் மொத்தம் 9.6 நானோ செகண்ட். கான்கிரீட்டின் வேகத்தையே முழுக்கப் போட்டால் 50 செ.மீ. என்று வரும், பொறுத்துக்கொள்ளலாம். மண் நனைந்து வேகம் 6 செ.மீ. ஆகிவிட்டால் 13.2 நானோ செகண்ட். அதே தவறு இப்போது குழாயை 69 செ.மீ.க்குத் தள்ளிவிடும். ஆகவே கீழ் அடுக்குக்குத் தனி வேகம் வேண்டும். குழாயின் எதிரொலி தலைகீழ் வளைவாகத் தெரியும் இடத்தில், மென்பொருளில் வளைவைப் பொருத்தி அதைப் பெறலாம். குழாயை நேர்செங்குத்தாகக் கடக்கும் கோட்டில்தான் பொருத்த வேண்டும். சாய்வாகக் கடந்த கோட்டில் வளைவு விரிந்து, வேகம் அதிகமாக இருப்பதுபோல் ஏமாற்றும்.

கோடுகள்

400 மெகாஹெர்ட்ஸுக்கு 50 செ.மீ. இடைவெளியில் இரு திசையிலும் கோடுகள். நீளவாக்கில் 19 கோடுகள், அகலவாக்கில் 25. மொத்தம் 453 மீட்டர் ஓட்டம். நேரச் சாளரம் (எதிரொலிக்காகக் கருவி காத்திருக்கும் நேரம்) 60 நானோ செகண்ட், வேகம் 10 செ.மீ. என்ற கணக்கில் 3 மீட்டர் ஆழம். 2 செ.மீ.க்கு ஒரு பதிவு போதும்.

ஒரு திசையில் மட்டும் ஓட்டி நேரத்தை மிச்சம் பிடிப்பது இந்த வேலையில் கெட்ட சிக்கனம். ஆன்டெனா போகும் திசைக்கு இணையாகக் கிடக்கும் குழாய் வளைவாகத் தெரியாது. தரைக்கு அடியில் ஏதோ ஒரு சமதள அடுக்கு மாதிரி நீளமாகத் தெரிந்துவிட்டுப் போகும். லிஃப்டிலிருந்து சுவருக்குப் போகும் குழாய்கள் பெரும்பாலும் கட்டடத்தின் ஏதாவது ஒரு சுவருக்கு இணையாகத்தான் ஓடுகின்றன என்பதால் பாதி வாய்ப்பு கைநழுவிப் போகும்.

சந்தேக இடங்களில் 1,600 மெகாஹெர்ட்ஸை 10 செ.மீ. இடைவெளியில் ஓட்ட வேண்டும், இங்கே 5 மி.மீ.க்கு ஒரு பதிவு. பிறகு எல்லாக் கோடுகளையும் சேர்த்து ஆழவாரியாக வெட்டி மேலிருந்து பார்க்கும் படமாக்க வேண்டும். பூச்சு இல்லாத இடத்தில் 6 முதல் 8 செ.மீ., பூச்சு உள்ள இடத்தில் 11 முதல் 13 செ.மீ. ஆழத்தின் படத்தில் மெஷ் கட்டம் கட்டமாக வரும். அதில் எங்கே ஓட்டை என்பதுதான் கேள்வி.

படத்தில் வந்தது

நடு இடம் எளிது. 1,600 மெகாஹெர்ட்ஸில் 15 செ.மீ.க்கு ஒன்றாக வரிசைகட்டி வந்த மெஷ் வளைவுகள் 1.2 மீட்டர் அகலத்துக்குக் காணாமல் போகின்றன, பிறகு மீண்டும் தொடங்குகின்றன. ஓட்டையின் நடுவில் பூச்சுக்கு அடியிலிருந்து பளிச்சென்ற கிடைக்கோடு, அதன் கீழே ஏறத்தாழ 1 நானோ செகண்ட் இடைவெளியில் அதே கோடு மறுபடி மறுபடி. 50 மி.மீ. ஆழத்துத் தகட்டுக்கும் தரை மேற்பரப்புக்கும் நடுவே அலை முன்னும் பின்னும் மோதுவதால் வரும் அதிர்வு இது. 400 மெகாஹெர்ட்ஸில் தகடு தனியாகப் பிரிந்து தெரியாவிட்டாலும், அந்த அதிர்வு சாளரத்தின் அடிவரை ஒரு தூண்போல் இறங்குகிறது.

அந்தத் தூணைப் பார்த்துவிட்டு "சிலிண்டரின் நீளம் 2.6 மீட்டர்" என்று எழுதிவிடக்கூடாது. அது சிலிண்டரின் உடல் அல்ல, தகட்டின் அதிர்வு. உலோகம் அலையை முழுதாகத் திருப்பிவிடும். அதற்குக் கீழே என்ன இருந்தாலும் ரேடாருக்குத் தெரியாது. வெறும் தகட்டைத் தரையில் புதைத்து வைத்தாலும் இதே தூண்தான் வரும். ரேடாரால் லிஃப்டின் இடத்தைச் சொல்ல முடியும், ஆழத்தைச் சொல்ல முடியாது. ஆழம் வேண்டுமென்றால் திறந்து அளவுகோல் விட வேண்டும், அல்லது தயாரிப்பாளரின் பெயர்த்தகடு கிடைக்க வேண்டும்.

இங்கே எதிரொலியின் துருவத்தையும் பார்க்க வேண்டும். கான்கிரீட்டிலிருந்து காற்றுவெளிக்குப் போகும்போது திரும்பும் அலையின் பங்கு கூட்டல் 0.48. உலோகத்தில் கழித்தல் 1. முதல் அரை அலை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மெஷ் கம்பியின் எதிரொலியோடு ஒப்பிட்டால், கீழே இருப்பது தகடா, வெறும் பொந்தா என்று பிரிக்கலாம். மெஷ்ஷும் உலோகம்தானே, அதன் துருவமே அளவுகோல். வலுவை மட்டும் பார்த்து உலோகம் என்று முடிவு கட்டியவர்கள் பொந்தைத் திறந்து பார்த்திருக்கிறார்கள்.

முதல் இடம் தரைக்குள் பதித்த இரட்டைப் பிளஞ்சர் வகை. பின்பக்கம் நடு இடத்தைப்போலவே ஒரு சதுரம். அங்கிருந்து முன்பக்கம் தள்ளி சுமார் 1 மீட்டர் அகலமும் 2 மீட்டருக்கு மேல் நீளமும் கொண்ட ஒரு செவ்வகம். நீளவாட்டப் பக்கங்கள் இரண்டும் கூர்மையான விளிம்புகளாக நிற்கின்றன. நடுவில் ஓரிடத்தில் மட்டும் தூண் அதிர்வு. மீதியில் 60 செ.மீ. ஆழத்தில் தட்டையான ஓர் அடித்தளம். மூடித் தகடுகளை எடுத்துவிட்டு மணல் நிரப்பிய பெட்டிக் குழி. தகடுகளை எடுக்காமல் விட்டிருந்தால் செவ்வகம் முழுக்க அதிர்வாக வந்திருக்கும், முன் தூண் எங்கே நிறுத்தப்பட்டது என்பது தெரிந்திருக்காது.

மூன்றாவது இடம்தான் நம்மைச் சிக்கவைக்கும் பொறி. 0.9 மீட்டர் அகலம், 4.5 மீட்டர் நீளம், மெஷ் இல்லை, கீழே ஒரே குழப்பமான எதிரொலிகள். பெரிய லிஃப்ட் என்று எழுதத் தோன்றும். ஆனால் அதிர்வுத் தூண் எங்கும் இல்லை. சிறு சிறு வளைவுகள் ஒழுங்கின்றி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. எந்தக் குழாயும் அதை நோக்கி வரவில்லை. இது மெக்கானிக் நின்று வேலை பார்த்த பழைய குழி, உடைத்த செங்கலும் கான்கிரீட்டும் போட்டு மூடியது. லிஃப்ட் இல்லை என்பதற்காகத் தள்ளிவிடவும் முடியாது. கழிவு ஆயில் வழிந்து நிற்கும் இடம் இதுதான், மண் மாதிரி எடுக்க வேண்டிய பட்டியலில் இது முன்னால் நிற்கும்.

குழாய்கள் 400 மெகாஹெர்ட்ஸில் வந்தன. அடுத்தடுத்த கோடுகளில் ஒரே ஆழத்தில் வளைவின் உச்சிகள் நேர்கோட்டில் சேர்ந்தால் குழாய். ஒரே ஒரு கோட்டில் மட்டும் வந்தால் கல். நடு இடத்திலிருந்தும் முதல் இடத்திலிருந்தும் கிளம்பிய கோடுகள் பின்சுவரோரம் ஓரிடத்தில் கூடுகின்றன. அங்கே குறுக்குக் கோட்டில் அகன்ற வளைவு, நீளவாக்குக் கோட்டில் இரு முனையும் வெட்டென்று முடியும் தட்டைக் கோடு. படுத்த உருளை, அதாவது ஆயில் தொட்டி. குழாயின் விட்டத்தை மட்டும் யாரும் கேட்கக்கூடாது. அலைநீளம் 20 செ.மீ.க்கு மேல் இருக்கும்போது 25 மி.மீ. குழாயும் 50 மி.மீ. குழாயும் ஒரே வளைவுதான்.

படத்தில் இருக்கும் மாறுபாடு வேறு, மண்ணில் இருக்கும் பொருள் வேறு. இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு பர்மாவில் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிவில் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானங்களைப் பெட்டியோடு புதைத்துவிட்டார்கள் என்ற நம்பிக்கையில் யாங்கூனின் மிங்கலாடோன் விமான நிலையத்தில் நிலத்தடி அளவைகள் நடந்தன. அளவையில் மாறுபாடுகள் வந்தன. 2013-இல் தேடப் போனபோது விமானம் இல்லை. பெட்டி புதைத்ததற்கு ஆவணச் சான்றும் இல்லை என்று குழுவே அறிவித்தது. ஆவணமும் தரையும் அளவையும் ஒரே திசையைக் காட்டும்வரை ஒன்றை இன்னதென்று பெயரிட்டு எழுதாமல் இருப்பது நல்லது.

இன்னொரு கருவியின் சாட்சி

காந்தப்புலம் காணும் கைக்கருவி இங்கே பெரிய துணை. தரையோடு ஒட்டிப் பிடித்தால் மெஷ்ஷின் ஒவ்வொரு கம்பிக்கும் கத்தும், பயனில்லை. 30 முதல் 60 செ.மீ. உயர்த்திப் பிடிக்க வேண்டும். மெல்லிய கம்பிகளின் புலம் உயரத்தோடு வேகமாகத் தேயும். 2 மீட்டருக்கு மேல் நிற்கும் இரும்புக் கூட்டின் புலம் அவ்வளவு சீக்கிரம் தேயாது. நின்ற சிலிண்டர் ஒரே உச்சமாகக் கத்தும். படுத்த தொட்டி இரு முனைகளிலும் கத்தி, நடுவில் அடங்கும். வெறும் தகட்டுக்கும் சிலிண்டருக்கும் உள்ள வேறுபாட்டை ரேடார் சொல்லாதபோது இதுதான் சொல்கிறது. மூன்றாவது இடத்துக் குழி இதில் அமைதியாக இருந்தது.

சுவரில் அறுபட்ட குழாய் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதில் குழாய்த் தடங்காட்டியின் கம்பியை நேரடியாக மாட்டி 8 அல்லது 33 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞை அனுப்பித் தரைமேல் பின்தொடரலாம். எர்த் கம்பியை வெளியே மண்ணில், கட்டடத்தைவிட்டுத் தள்ளி அடிக்க வேண்டும். நேரே மாட்டாமல் தரைமேல் வைத்துத் தூண்டும் முறை கூடாது. மெஷ் முழுக்கச் சமிக்ஞை ஏறி, தரை எங்கும் குழாய் இருப்பதாகக் காட்டும்.

படம் கெடும் இடங்கள்

பனி பெய்யும் மாநிலங்களில் சாலையில் உப்பு தூவுகிறார்கள். காரின் அடியில் ஒட்டி வரும் உப்பு நீர் பல குளிர்காலங்களாக ஒர்க்‌ஷாப் தரையில் சொட்டி ஊறியிருக்கும். உப்பேறிய ஈரக் கான்கிரீட் மின்சாரத்தைக் கடத்தும், அலையை விழுங்கும். அதே கட்டடத்தில் அலுவலக அறைத் தரையில் 2 மீட்டர் தெரியும், வண்டி நின்ற இடத்தில் 60 செ.மீ.தான் தெரியும். வண்டி நின்ற இடத்தில்தானே லிஃப்ட் இருக்கும். எந்தப் பகுதியில் எவ்வளவு ஆழம் தெரிந்தது என்று தனித்தனியே குறிக்காத அறிக்கை, "ஒன்றும் இல்லை" என்று சொன்னாலும் அதை நம்ப முடியாது.

பூச்சு போட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தால் அதன் ஈரத்தால் மாறிலி 10-ஐத் தாண்டும், அலை மெலியும். காத்திருப்பதே மருந்து. தேய்மானம் தாங்க இரும்புத் துகள் தூவி மெருகிட்ட தரை ரேடாருக்குச் சுவர்மாதிரி. இரும்பு நார் கலந்த கான்கிரீட்டும் அப்படியே. அங்கே காந்தக் கருவியையும் ஆவணத்தையும் நம்பித் துளையிட வேண்டியதுதான்.

மேலேயிருந்தும் தொல்லை வரும். இரும்பு உத்திரம், ஷட்டர், நிறுத்திய வண்டி ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் அலை காற்றில் ஓடுகிறது, நானோ செகண்டுக்கு 30 செ.மீ. அதனால் அதன் வளைவு மிக விரிந்து ஆழத்தில் தெரியும். வளைவைப் பொருத்தும்போது வேகம் 30-ஐ நெருங்கினால் அது தரைக்கு மேலே இருப்பது. ஷட்டரைத் திறந்து அதே கோட்டை மறுபடி ஓட்டினால் காணாமல் போகும்.

துளை

துளையிடுவதற்கு முன் அமெரிக்காவில் 811 என்ற எண்ணை அழைத்து நிலத்தடி இணைப்புகளைக் குறிக்கச் சொல்ல வேண்டும். அவர்கள் பெரும்பாலும் மின்சார, எரிவாயு மீட்டர் பெட்டி வரைதான் குறிப்பார்கள். கட்டடத்துக்குள் ஓடும் மின்கம்பியும் எரிவாயுக் குழாயும் நம் பொறுப்பு. அவற்றை அதே ரேடாரிலும் தடங்காட்டியிலும் பார்த்துக் குறித்தாக வேண்டும்.

முதல் துளை 12 மி.மீ. பிட்டில், ஆழத் தடுப்பு வைத்து, பூச்சின் கனம் மட்டும். 50 மி.மீ.யில் பிட் வழுக்கி, வெளிவரும் தூளின் நிறம் மாறி உலோகச் சீவல் பளபளத்தால் தகடு. அங்கே நிறுத்திவிட வேண்டும். தகட்டைத் துளைத்துக்கொண்டு போகக்கூடாது. ஆயிலின் மேல் பல ஆண்டுகளாக அடைபட்ட அழுத்தக் காற்று இருக்கலாம். கம்ப்ரசர் இன்னும் கட்டடத்தில் இருந்தால் அதைத் துண்டித்து, காற்றுக் குழாயைச் சுவர் முனையில் மெல்லத் திறந்து வெளியேற்றிய பிறகுதான் பூச்சைத் தகடு முழுதும் தெரியும் அளவுக்கு உடைத்துத் தகட்டைத் தூக்க வேண்டும். ஆயில் நிரப்பும் மூடியைக் கழற்றும்போதும் முகத்தை அதன் நேரே வைக்கக்கூடாது.

முதல் ஆயில் மாதிரியை பிசிபி (பாலிகுளோரினேட்டட் பைஃபீனைல் என்ற நச்சு வேதிப்பொருள்) சோதனைக்கு அனுப்ப வேண்டும். அமெரிக்காவில் பிசிபி உற்பத்தி 1979-இல் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய ஹைட்ராலிக் ஆயிலில் அது இருக்க வாய்ப்புண்டு. பத்து லட்சத்தில் 50 பங்கோ அதற்கு மேலோ வந்தால் கையாளும் சட்டமே வேறு. முடிவு வருமுன் ஆயிலை உறிஞ்சி மற்ற கழிவு ஆயிலோடு கலந்தால், கலந்த மொத்தமும் அந்தச் சட்டத்தின் கீழ் வந்துவிடும். செலவு பல மடங்காவது இங்கேதான்.

எடுப்பதா, உள்ளேயே கழுவிச் சிமெண்டுக் குழம்பு நிரப்பி மூடுவதா என்பது மாநில விதியைப் பொறுத்தது. எடுப்பதானால் கான்கிரீட்டை சிலிண்டரைச் சுற்றி 2.4 மீட்டர் சதுரத்துக்காவது அறுக்க வேண்டும். மண் மாதிரி சிலிண்டரின் அடிக்கு நேர் கீழே ஒன்று, குழாய் இணைப்புகளுக்குக் கீழே ஒவ்வொன்று, தொட்டியின் இரு முனையிலும் ஒவ்வொன்று. வெறும் இரும்பாக மண்ணில் நின்ற கூடு பெரும்பாலும் அடியில் அரித்து ஓட்டையாகும், குழாய் மரையில் கசியும். பக்கவாட்டு மண் சுத்தமாக இருக்கிறது என்று அங்கேயே நிறுத்திவிட்டால் கசிவைத் தவறவிட நேரும்.

அறிக்கையில்

ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் அசையாத இரு சுவர்களிலிருந்து தூரம், மேற்பரப்பிலிருந்து ஆழம், அந்த ஆழத்துக்குப் பயன்படுத்திய வேகம் எல்லாம் எழுத வேண்டும். தரையில் போட்ட பெயின்ட் குறி அடுத்த வாரம் மிதிபட்டு அழியும், சுவர் தூரம் நிற்கும். "உறுதி" என்ற சொல் துளையிட்டோ திறந்தோ பார்த்ததற்கு மட்டும். ரேடாரும் காந்தக் கருவியும் ஒத்துச் சொன்னது "மிகவும் சாத்தியம்". ரேடார் மட்டும் சொன்னது "மாறுபாடு". இந்தத் தளத்தில் நடு இடமும் முதல் இடத்தின் பின் தூணும் முதல் வகை. முன் தூணும் ஆயில் தொட்டியும் இரண்டாம் வகை. மூன்றாவது இடத்துக் குழி மூன்றாம் வகை, மண் மாதிரிக்குத் துளை போடும்போது அது மேலே ஏறலாம்.

ஓட்டாத இடங்களையும் நிழலிட்டுக் காட்ட வேண்டும். பெரிய ஆன்டெனாவின் உடம்பு சுவரிலிருந்து 30 செ.மீ.க்குள் போகாது. பின்னால் எழுப்பிய தடுப்புச் சுவருக்கு அடியிலும், நகர்த்த முடியாத அலமாரிக்குக் கீழேயும் ஒன்றும் பார்த்திருக்க மாட்டோம். சுவரோரத்து அந்த 30 செ.மீ. பட்டையில்தான் கைவால்வும் குழாய் வளைவுகளும் இருக்கும் என்பதால், அங்கே மட்டும் 1,600 மெகாஹெர்ட்ஸ் சிறு ஆன்டெனாவைச் சுவரோடு ஒட்டி, சுவருக்கு இணையாக இரண்டு கோடுகள் தனியாக ஓட்டிவிட வேண்டும். அரை மீட்டருக்குக் கீழே அதுவும் காட்டாது என்பதை அந்த நிழலின் ஓரத்திலேயே குறித்துவிட வேண்டும்.